கிட்டார் நெக் விரிசலும் நசுங்கிய ஃப்ரெட்டும்: எதை வீட்டில் செய்யலாம், எதைக் கொடுத்துவிடலாம்?

ஸ்டாண்டிலிருந்து கிட்டார் சரிந்து விழுகிற சத்தத்தை ஒருமுறை கேட்டவர்களுக்கு அது மறக்காது. எல்லாக் கம்பிகளும் சேர்ந்து ஒரு முழக்கம், அதற்குள்ளேயே சன்னமாக ஒரு 'பட்'. எடுத்துப் பார்த்தால் உடம்பில் கீறல்கூட இல்லை, நட்டுக்கு (நெக்கின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்குகிற சின்னக் கட்டை) பின்னால் நெக், அதாவது கிட்டாரின் நீண்ட கழுத்து, வளைந்து ஹெட்ஸ்டாக்காக (சுருதித் திருகுகள் இருக்கிற தலைப்பகுதி) மாறுகிற இடத்தில் மட்டும் மயிரிழை மாதிரி ஒரு கோடு. என் அகூஸ்டிக் கிட்டாருக்கு இப்படித்தான் ஆனது. விழுகிற வழியில் மேசை விளிம்பில் இடித்ததில் மூன்றாவது ஃப்ரெட்டும் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) ஒரு பக்கம் நசுங்கி, முனை எழும்பி நின்றது. வீட்டிலேயே சரிசெய்வதா, கிட்டார் செய்பவரிடம் கொடுப்பதா, அப்படியே வைத்து வாசிப்பதா என்று பல நாள் மண்டையைக் குடைந்த விஷயம் இது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெக் விரிசலில் முதல் ஒட்டுதான் நல்ல ஒட்டு. அது தவறினால் அடுத்தவர் செய்கிற ஒவ்வொரு ஒட்டும் முந்தையதைவிடக் கடினமாகும், அதனால் சந்தேகம் இருந்தால் கை வைக்காதீர்கள். ஃப்ரெட் அப்படியில்லை. ஒன்றைச் சொதப்பினால் இன்னொரு துண்டு ஒயரை வெட்டிப் போட்டுக்கொள்ளலாம், அதனால் அதைத் தாராளமாக வீட்டில் பழகலாம். நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: விரிசலில் கையில் கிடைத்த பசையை ஊற்றிவிட்டு, ஃப்ரெட் என்றதும் பயந்துபோய்க் கடைக்குப் போகிறார்கள்.

முதலில் நெக். விழுந்தவுடன் செய்ய வேண்டியது ஒன்றுதான், கம்பிகளைத் தளர்த்திவிடுங்கள். லைட் கேஜ் ஸ்டீல் கம்பிகள் ஆறும் சுருதியில் இருக்கும்போது மொத்தமாக 70 கிலோவுக்கும் மேல் இழுக்கின்றன. நைலான் கம்பி என்றால் 40 கிலோ அளவில் இருக்கும். ஒரு ஆளின் எடை அந்த விரிசலில் இரவும் பகலும் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டால் அவசரம் புரியும். விரிசலை ஆட்டி ஆட்டிப் பார்க்காதீர்கள், உள்ளே விரலை விடாதீர்கள் (தோலின் எண்ணெய் பட்டால் பசை சரியாகப் பிடிக்காது), பிய்ந்து நிற்கிற சிலாம்புகளைப் பிடுங்கி எறியாதீர்கள். ஒவ்வொரு சிலாம்பும் திரும்ப அதன் இடத்தில் போய் உட்கார வேண்டிய துண்டு.

அந்த இடம் ஏன் உடைகிறது என்று தெரிந்தால் முடிவெடுப்பது எளிது. ஹெட்ஸ்டாக் பின்பக்கம் சாய்ந்திருக்கிற கிட்டார்களில் (கிப்சனின் வழக்கமான சாய்வு 17 டிகிரி) நெக்கை ஒரே கட்டையிலிருந்து செதுக்கினால், மரத்தின் நார் நெக்கில் நேராக ஓடி, சாய்ந்த பகுதியில் குறுக்கே வெட்டுப்பட்டு நிற்கிறது. விறகை நார் வாக்கில் பிளப்பது எவ்வளவு சுலபமோ அவ்வளவு சுலபம் அங்கே. பல மாடல்களில் ட்ரஸ் ராடைத் (நெக்குக்குள் ஓடி அதை நேராக வைக்கிற உலோகக் கம்பி) திருகுகிற மரை நட்டுக்காக அதே இடத்தைக் குடைந்தும் இருக்கிறார்கள். ஃபெண்டர் வகை நெக்குகளில் ஹெட்ஸ்டாக் சாய்வில்லாமல் இருப்பதால் இந்த உடைவு அங்கே அபூர்வம். சில தயாரிப்பாளர்கள் ஹெட்ஸ்டாக்கைத் தனிக்கட்டையாகச் சாய்வாக வெட்டி ஒட்டுகிறார்கள், அதில் நார் இரண்டு பக்கமும் நேராக ஓடும்.

இப்போது விரிசலின் நீளத்தைப் பாருங்கள். என்னைப் பொறுத்தவரை முடிவு முக்கால்வாசி இதிலேயே இருக்கிறது. கோடு நெக் வாக்கில் நீளமாக, ஐந்தாறு சென்டிமீட்டர் சரிவாக ஓடியிருந்தால் உள்ளே ஒட்டுவதற்குப் பரப்பு ஏராளம். இரண்டு முகமும் பல்லோடு பல் பொருந்துவதுபோலப் பொருந்தினால் நல்ல மரப்பசை மட்டுமே போதும், ஆணியும் வேண்டாம், திருகும் வேண்டாம். சரியாக ஒட்டின இடம் பக்கத்து மரத்தைவிட உறுதியாக நிற்கும். இது பொறுமையுள்ள யாரும் வீட்டில் செய்யக்கூடிய வேலை. அதே கோடு குட்டையாக, குறுக்குவாக்கில், ஒன்றிரண்டு சென்டிமீட்டரில் முடிந்துவிட்டால் ஒட்டும் பரப்பு போதாது. அதற்கு நெக்கின் பின்பக்கம் காடி (நீளப் பள்ளம்) எடுத்து மரச்சட்டங்களைப் பதிக்க வேண்டும், அல்லது பின்பக்கத்தையே சீவிவிட்டுப் புது மரத்தகடு ஒட்ட வேண்டும். ரவுட்டரும் (மரத்தைக் குடைகிற மின்கருவி) அதற்கான ஜிக்கும் (கருவியை வழிநடத்துகிற சட்டம்) வேண்டிய வேலை, கொடுத்துவிடுங்கள். ஏற்கெனவே ஒருமுறை ஒட்டி மறுபடி திறந்த விரிசல், துண்டு காணாமல்போன விரிசல், ட்ரஸ் ராடு வெளியே தெரிகிற விரிசல், இவையும் அப்படித்தான். விலைமதிப்புள்ள பழைய கிட்டார் என்றால் விரிசலின் நீளத்தைக்கூடப் பார்க்க வேண்டாம், நேராகக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

பசையில்தான் அதிகக் குழப்பம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கிட்டார் செய்பவர்கள் பெரும்பாலும் கைவைப்பது டைட்பாண்ட் ஒரிஜினல் மாதிரியான மஞ்சள் மரப்பசையில், அல்லது சூடாக்கித் தடவுகிற விலங்குப் பசையில். விலங்குப் பசை கல்போல இறுகும், வெப்பமும் ஈரமும் காட்டினால் பிரிக்கவும் முடியும், பழைய பசைமேல் புதிய பசை பிடிக்கவும் செய்யும். ஆனால் 60 டிகிரி அளவில் சூடாக வைத்திருக்க வேண்டும், ஆறுவதற்குள் க்ளாம்பை (பற்றுக்கருவி) பூட்டியாக வேண்டும். முதல்முறை செய்கிறவருக்கு அந்தப் பதற்றம் வேண்டாம், மஞ்சள் பசை ஐந்து நிமிடமாவது அவகாசம் தரும். பள்ளிக்கூட வேலைக்கு வைத்திருக்கிற வெள்ளைப் பசை வேண்டாம். காய்ந்த பிறகும் அது முழுசாக இறுகாது, தொடர்ந்து இழுத்துக்கொண்டே இருந்தால் மெல்ல மெல்ல நகர்ந்து கொடுக்கும். நுரைத்துப் பொங்குகிற பாலியூரித்தேன் பசை விரிசலின் இரு முகங்களையும் தள்ளி வைத்துவிடும். எப்பாக்சி இடைவெளியை நிரப்பும், உண்மைதான். ஆனால் நன்றாகப் பொருந்துகிற விரிசலில் நிரப்ப என்ன இருக்கிறது? நாளைக்கு மறுபடி திறந்தால் அந்த எப்பாக்சி மேல் வேறு மரப்பசை பிடிக்காது, முழுக்கச் சுரண்டியாக வேண்டும்.

சூப்பர் க்ளூ எனக்குச் சொந்த அனுபவம். என் முதல் கிட்டாரில் இதேபோல விரிசல் வந்தபோது, உதவிக்கு வந்த ஒருவர் வெளியிலிருந்தே சூப்பர் க்ளூவைச் சொட்டவிட்டு, கையால் ஐந்து நிமிடம் அமுக்கிப் பிடித்து, அன்றைக்கே சுருதி சேர்த்துக் கொடுத்தார். சில வாரங்களில் கோடு மறுபடி வாய் திறந்தது. அந்தப் பசை வேகமாக இறுகிவிடுவதால் விரிசலின் அடிவரை பரவவில்லை, மேல்விளிம்பை மட்டும் கவ்வியிருந்தது. இறுகினால் கண்ணாடிபோல ஆகிவிடும், அதிர்ச்சி தாங்காது. பிறகு கிட்டார் செய்பவரிடம் கொண்டுபோனபோது, அவருடைய வேலையில் பாதி நேரம் மரத்தின் துளைகளில் ஊறிப்போயிருந்த அந்தப் பசையைச் சுரண்டுவதிலேயே போனது. முதல் ஒட்டு என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

சரி, வீட்டில் செய்வதாக முடிவெடுத்துவிட்டீர்கள் என்றால், பசையைத் திறப்பதற்கு முன்னால் உலர் ஒத்திகை ஒன்று பாருங்கள். ட்ரஸ் ராடைத் தளர்த்தி, அதன் நட்டிலும் மரையிலும் மெழுகு தேய்த்துவிடுங்கள், பசை உள்ளே போய் அதைப் பூட்டிவிட்டால் பிறகு அந்த நெக்கை நிமிர்த்தவே முடியாது. ஹெட்ஸ்டாக்கின் முகத்துக்கு ஒரு தட்டையான பலகை, பின்பக்க வளைவுக்கு அதே வளைவில் செதுக்கின கட்டை அல்லது தடிப்பான ரப்பர் வைத்த கட்டை, நடுவில் மெழுகுத்தாள். க்ளாம்புகளைப் பூட்டி விரிசல் முழுசாக மூடுகிறதா என்று பாருங்கள். மூடவில்லையென்றால் எங்கேயோ ஒரு சிலாம்பு மடங்கிக்கொண்டு நிற்கிறது. ஈரப்பசை வழுக்கும், க்ளாம்பை இறுக்க இறுக்க ஹெட்ஸ்டாக் நழுவி முன்னாலோ பக்கவாட்டிலோ போகும், அந்த நழுவலை ஒத்திகையிலேயே பிடித்துவிட வேண்டும்.

பசை வைக்கும்போது விரிசலை உடையாத அளவுக்கு மெல்லத் திறந்து, சன்னமான கத்தியாலோ ஊசி சிரிஞ்சாலோ அடிவரை செலுத்துங்கள். நான் விரிசலின் ஒரு பக்கம் பசையை வைத்து மறுபக்கம் வேக்குவம் க்ளீனர் குழாயைக் காட்டினேன், பசை உள்ளே ஓடிப்போவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. க்ளாம்பை இறுக்கியதும் கோடு நெடுகச் சின்னச் சின்ன மஞ்சள் முத்துகள் வரிசையாக வெளியே வர வேண்டும். ஓரிடத்தில் வரவில்லையென்றால் அங்கே பசை போகவில்லை, கழற்றிவிட்டு மறுபடி வையுங்கள். வந்த பசையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ட்ரஸ் ராடு குழிக்குள் கசிந்ததையும் ஒரு குச்சியால் எடுத்துவிடுங்கள். பாட்டிலில் அரை மணி, ஒரு மணி என்று போட்டிருக்கும். அது க்ளாம்பைக் கழற்றுவதற்கான நேரம். கம்பியின் இழுவிசையைத் தாங்க ஒரு முழு நாளாவது வேண்டும், நான் மூன்று நாள் விட்டேன்.

வெளியே கொடுப்பதாக இருந்தால் ஒன்றைத் தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள்: உறுதி மட்டும் போதுமா, கோடு தெரியாமல் பெயிண்டும் லாக்கரும் அடித்துத் தர வேண்டுமா? இரண்டாவதில்தான் நாளும் செலவும் ஓடும், பல நேரம் ஒட்டுகிற வேலையைவிட மினுக்குகிற வேலைதான் பெரியது. வாசிக்கிற கிட்டாருக்கு அந்தக் கோடு தெரிந்தால் ஒரு நஷ்டமும் இல்லை என்பது என் கட்சி.

மூன்றாவது வழி நெக்கையே மாற்றுவது. போல்ட் போட்டு மாட்டுகிற நெக் உள்ள எலக்ட்ரிக் கிட்டாருக்கு இது உண்மையிலேயே நல்ல வழி, நான்கு திருகைக் கழற்றினால் வேலை பாதி முடிந்தது. ஸ்கேல் நீளம் (நட்டிலிருந்து உடம்பில் கம்பியைத் தாங்குகிற பிரிட்ஜ்வரை உள்ள நீளம்) மட்டும் பொருந்தியாக வேண்டும். 648 மில்லிமீட்டர் ஸ்கேலுக்கு பிரிட்ஜ் வைத்த உடம்பில் 628 நெக்கை மாட்டினால் எந்த ஃப்ரெட்டிலும் சுருதி நிற்காது. பாக்கெட்டின் (உடம்பில் நெக் உட்காருகிற குழி) அகலத்தையும் அடிப்பாகத்தின் வடிவத்தையும் ட்யூனர் துளையின் விட்டத்தையும் அளந்துவிட்டு வாங்குங்கள். ஒட்டின நெக் உள்ள அகூஸ்டிக்கில் இதை நினைக்கவே வேண்டாம், ஆவி காட்டி இணைப்பைப் பிரிப்பது தனிக்கலை. அப்புறம் இன்னொன்று, கம்பி உயரமாக நிற்கிறது என்பதற்காக நெக் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அமுக்கிப் பிடிக்கிற கவ்வி) போட்டு, நெக் உடம்போடு சேர்கிற ஃப்ரெட்டில் கம்பியை அமுக்கி, ஏழாவது எட்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் இடைவெளியைப் பாருங்கள். 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர்வரை இருந்தால் போதும். அதைவிட அதிகமாக இருந்தால் ட்ரஸ் ராடைக் கால் சுற்று இறுக்கினாலே பல நெக்குகள் குணமாகிவிடும்.

இனி ஃப்ரெட். இங்கே 'மாற்றுவதா வேண்டாமா' என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, அது கெட்டிருக்கிறதா, எழும்பி நிற்கிறதா என்பது. நேர்விளிம்புள்ள ஒரு சின்னத் தகட்டை மூன்று ஃப்ரெட்டுகள்மேல் வைத்து ஆட்டிப் பாருங்கள், ஆடினால் நடுவில் இருப்பது உயரம். ஒரு மரத்துண்டால் அந்த ஃப்ரெட்டை அமுக்கிக்கொண்டு தகட்டை ஆட்டும்போது ஆட்டம் நின்றால், அது காடியிலிருந்து கிளம்பியிருக்கிறது, அவ்வளவுதான். ஓரத்தில் சன்னமான சூப்பர் க்ளூ ஒரு சொட்டு விட்டு, கட்டை வைத்து க்ளாம்ப் போட்டால் முடிந்தது. (நெக் விரிசலுக்கு ஆகாத பசை இங்கே மிகச் சரியான பசை, சன்னமான காடியில் தானே ஓடிப்போய் உட்காரும்.) ஃப்ரெட்டைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

தேய்ந்து பள்ளம் விழுந்தது வேறு கதை. பள்ளம் மேலோட்டமாக இருந்தால் எல்லா ஃப்ரெட்டையும் அரத்தால் சமன்செய்து மறுபடி வளைவு கொடுத்துவிடலாம். புது ஒயர் பொதுவாக ஒரு மில்லிமீட்டருக்கு மேலேயே உயரம் இருக்கும். பள்ளத்தின் அடிவரை இறக்கியபின் அரை மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் வந்துவிடும் என்றால் சமன்செய்வதில் அர்த்தமில்லை, விரல் மரத்தில் உரசும். முதல் நான்கைந்து ஃப்ரெட்டுகளில்தான் தேய்மானம் அதிகம் என்பதால் அவற்றை மட்டும் மாற்றுகிறவர்களும் உண்டு, நல்ல நடுவழி அது.

ஒரே ஒரு ஃப்ரெட்டை மாற்றுவதில் ஒளிந்திருக்கிற சிக்கல், பக்கத்து ஃப்ரெட்டுகளின் வயது. புதியது 1.2 மில்லிமீட்டர், பக்கத்தில் இருப்பவை தேய்ந்து 0.9 என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முந்தைய ஃப்ரெட்டில் விரல் வைத்தால் கம்பி புதியதில் இடித்துக் கரகரக்கும், அல்லது புதிய ஃப்ரெட்டின் சுரமே கேட்கும். அதனால் மாட்டுவது பாதி வேலைதான், அதைப் பக்கத்தவற்றின் உயரத்துக்கு இறக்குவதுதான் மீதி. இந்த மீதியைச் செய்யத் தயாரில்லையென்றால் வீட்டில் தொடங்காதீர்கள்.

ஒயர் வாங்கும்போது தலையின் அகலத்தையும் உயரத்தையும் மட்டும் பார்த்து வாங்குகிறார்கள், காடிக்குள் இறங்குகிற அலகின் தடிப்பு அதைவிட முக்கியம். பெரும்பாலும் அரை மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். தடிப்பு அதிகமானால் ஆப்பு அடித்ததுபோல நெக்கைப் பின்பக்கம் வளைக்கும், குறைந்தால் நிற்காது. கழற்றின பழைய துண்டை வெர்னியரில் அளந்து அதற்கு ஏற்ப வாங்குங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தேயவே தேயாது போல இருக்கும், ஆனால் அரத்தைத் தின்றுவிடும், முதல் முயற்சிக்கு வேண்டாம். வழக்கமான நிக்கல் சில்வரே போதும் (பெயரில்தான் சில்வர், உள்ளே இருப்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும்).

கழற்றும்போது அவசரப்பட்டால் ஃப்ரெட்போர்டு (ஃப்ரெட்டுகள் பதித்த பலகை) பிய்யும், அதிலும் கருங்காலி சட்டென்று செதில் விடும். சால்டரிங் அயர்னின் நுனியை ஃப்ரெட்மேல் வைத்து மெல்ல நெடுக இழுத்துச் சூடேற்றினேன், கொஞ்ச நேரத்தில் பழைய பசை இளகிய வாடை வந்தது. வாய் தட்டையாகச் சாணை பிடித்த குறட்டை ஒரு முனையில் தலைக்கு அடியில் நுழைத்து, மேலே இழுக்காமல் வெறுமனே அமுக்கினாலே ஃப்ரெட் நூலளவு எழும்புகிறது. அப்படியே அமுக்கி அமுக்கி மறுமுனைவரை நடக்க வேண்டும். செதில் எழுந்தால் அங்கேயே நிறுத்தி, படியவைத்து, ஒரு சொட்டுப் பசை விட்டு அமுக்குங்கள். லாக்கர் பூசின மேப்பிள் ஃப்ரெட்போர்டும் ஓரத்தில் பைண்டிங் (சன்னமான ஓரப்பட்டை) வைத்த நெக்கும் முதல்முறைக்கு உகந்தவை அல்ல, லாக்கர் பாளம் பாளமாக உரியும், பைண்டிங்கில் அலகின் முனைகளைத் தனியாக வெட்டி எடுக்க வேண்டும்.

புது ஒயரை ஃப்ரெட்போர்டின் வளைவைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளைத்துக்கொண்டு, நெக்குக்கு அடியில் மணல் பை வைத்து, முதலில் இரண்டு முனைகளையும் அப்புறம் நடுவையும் பித்தளை அல்லது பிளாஸ்டிக் முகம் வைத்த சுத்தியலால் தட்டுங்கள். ஓங்கி அடிக்கவே வேண்டாம். உட்காராதவரை சத்தம் கணீரென்று துள்ளும், அலகு காடியின் அடியில் போய் உட்கார்ந்ததும் சட்டென்று கட்டையில் தட்டினதுபோல மந்தமாகிவிடும். கண்ணைவிடக் காதை நம்பலாம் இந்த இடத்தில். முனைகளை வெட்டும்போது துண்டு தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பிறகு தலைமேல் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, தகட்டை வைத்து ஆட்டிப் பார்த்துக்கொண்டே இறக்குங்கள். உயரம் சமமானபின் இரு பக்கமும் வளைவு கொடுக்கும்போது நடுவில் மார்க்கர் கோடு நூலாக மிஞ்ச வேண்டும். கடைசியாக 400, 800, 1200 எண் உப்புத்தாள்கள். எலக்ட்ரிக் கிட்டாரில் ஸ்டீல் உல் தேய்ப்பதாக இருந்தால் பிக்கப்பை (கம்பியின் அதிர்வை வாங்குகிற காந்தப் பகுதி) டேப் ஒட்டி மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த இரும்புத்தூள் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும்.

என்னைப்போல இரண்டும் சேர்ந்து வந்தவர்களுக்கு வரிசை முக்கியம்: நெக்கை முதலில் ஒட்டி, கம்பி ஏற்றி ஒன்றிரண்டு வாரம் நிற்கவிட்டு, ட்ரஸ் ராடை நேர்செய்துவிட்டுத்தான் ஃப்ரெட்டில் கை வைக்க வேண்டும். நெக் இன்னும் அசைந்துகொண்டிருக்கும்போது சமன்செய்த ஃப்ரெட் அப்புறம் சமனாக இருக்காது. ஒட்டின நெக்கில் முதல்முறை கம்பி ஏற்றும்போது நேராக முழுச் சுருதிக்குப் போகாதீர்கள். நான் இரண்டு சுரம் குறைவாக வைத்து ஒரு இரவு விட்டேன். காலையில் விளக்கைச் சாய்த்துப் பிடித்து, நகநுனியைக் கோட்டின்மேல் குறுக்கே ஓட்டிப் பார்த்தேன், நகம் எங்கேயும் மாட்டவில்லை. மாட்டியிருந்தால் உடனே கம்பியைத் தளர்த்தி ஆளிடம் கொண்டுபோயிருப்பேன்.